ஜூலு அண்ணனும் ஆகாசத்து வாட்ச்சும்

உலகத்திலேயே இந்திய நேரத்தை ஏற்றுக்கொள்ளாத ஒரே இந்தியர் எங்கள் ஜூலு அண்ணன்தான். ரயில்வே ஏற்றுக்கொண்டது. ரேடியோ ஏற்றுக்கொண்டது. எங்கள் எதிர்வீட்டுச் சேவல்கூடக் கொஞ்சம் முன்னேபின்னே ஏற்றுக்கொண்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் ஜூலு அண்ணன் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

இதில் என் தலையெழுத்து என்னவென்றால், எனக்கு அந்தக் கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் லேட், யாருக்கு அரை நாள் லீவு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் காலையில் பஸ் ஏறும்போது மரியாதைக்கு, "மணி என்னாண்ணே?" என்று கேட்டால், வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கிற நேரத்தில் அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணரைங்க மேடம்" என்பார்.

"என்னாது, ஒண்ணரையா?"

"ஜூலு டைமுங்க. ஏரோப்ளேன்காரங்க உலகம் பூரா இந்த ஒரே டைமுதான் வச்சுக்குவாங்க. உங்களுக்கு வேணும்னா கூட அஞ்சரையைச் சேத்துக்கங்க."

வேண்டுமென்றால்! ஏதோ சாம்பாருக்கு உப்புச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதுபோல.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். பஸ்ஸில் வரும் ஐம்பது பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. ஜூலு என்றால் தெரியும்.

இத்தனைக்கும் மூலகாரணம் அவர் மணிக்கட்டில் இருந்தது. பூரி அளவுக்கு ஒரு வாட்ச். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், இருட்டில் பூனைக்கண் மாதிரி மினுங்கும் முட்கள். பின்மூடியில் ஓர் அம்புக்குறியும் சில எண்களும் பொறித்திருக்கும். ராணுவ விமானங்களில் பறக்கிறவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கிற வாட்ச் அது. வேலையில் இருக்கும்வரை கட்டிக்கொள்ளலாம். விட்டுப் போகும்போது துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதுபோல இதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தடித்த உடுப்புக்கு மேலே கட்டிக்கொள்ள வசதியாகப் பட்டையை நீளமாக நெய்திருப்பார்கள். அதற்காகவே ஜூலு அண்ணன் கிருஷ்ணகிரி வெயிலில், மாம்பழமே வியர்க்கும் சித்திரை மாதத்தில், முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானைப் பூட்டி, சட்டைக்கு மேலே வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வருவார்.

சிங்காரப்பேட்டையில் அவருடைய மாமனாருக்குப் பழைய இரும்புக் கடை. அவர் பெங்களூர்ப் பக்கம் போய், சர்க்கார் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் மூட்டை மூட்டையாக எடுத்து வருவார். அப்படி வந்த மூட்டை ஒன்றில் நட்டு, போல்ட்டு, உடைந்த மீட்டர்களுக்கு நடுவே இந்த வாட்ச் கிடந்தது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடும் நேரம் வந்தபோது, மனிதர் பெட்டியிலிருந்து இதை எடுத்துக் கட்டிவிட்டு, "மாப்ளே, மத்தவங்க வாட்ச்செல்லாம் கடையில இருந்து வருது. இது ஆகாசத்துல இருந்து வருது" என்றாராம்.

அந்த ஒரு வாக்கியத்தில் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நல்ல டிரைவர் கெட்டுப்போனார்.

முதலில் அவருக்கும் அந்த வாட்ச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, ஏரோப்ளேன் ஓட்றவங்க கட்றதாச்சே" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்தது யூடியூப். யாரோ வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில் பேசும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். பாதி புரிந்தது. புரியாத பாதியைத் தானே கட்டிக்கொண்டார். ஆபத்து முழுவதும் அந்தப் பாதியில்தான் இருந்தது.

உதாரணமாக, காந்தம். காந்தம் பக்கத்தில் வந்தால் வாட்ச் கெட்டுவிடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். உடனே டாஷ்போர்டில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்துக் கற்பூரம் காட்டி, கடைசி சீட்டுக்கு மேலே கொண்டுபோய் ஒட்டினார். அடுத்தபடியாக என் கைப்பையைப் பார்த்தார்.

"மேடம், அந்தப் பை மூடும்போது டப்புனு ஒட்டுது பாருங்க, அது காந்தமுங்களா?"

"ஆமாம்ண்ணே."

"அப்ப நீங்களும் புள்ளையார்கிட்டயே போயிருங்க."

ஒரு வருஷம் நான் கடைசி சீட்டில் குதித்துக் குதித்து ஓசூர் போனேன். என் இடுப்பெலும்பு இன்றைக்கும் அந்த வாட்ச்சை நினைத்துக்கொள்ளும்.

அப்புறம் 'ஹேக்'. போர் விமானத்தில் பறக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் எல்லார் வாட்ச்சையும் ஒரே நொடிக்கு வைப்பார்களாம். வாட்ச்சின் திருகை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். தலைவர் "ஹேக்" என்றதும் எல்லாரும் ஒரே சமயத்தில் திருகை அழுத்த வேண்டும். இது அவருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. தினமும் காலையில் பஸ் கிளம்புமுன் எழுந்து நின்று எங்களைப் பார்ப்பார்.

"எல்லாரும் ரெடிங்களா? மூணு... ரெண்டு... ஒண்ணு... ஹேக்!"

எங்களில் பாதிப் பேரிடம் வாட்ச்சே கிடையாது. செல்போனை எங்கே அழுத்துவது? ஆனாலும் எல்லாரும் "ஹேக்!" என்று கத்துவோம். கத்தாவிட்டால் வண்டி நகராது. ரோட்டில் போகிறவர்கள் கோயிலுக்குப் போகும் கூட்டம் என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு.

ஒருமுறை சூளகிரி தாண்டியதும் பஸ் பெரிதாகப் புகை விட்டு நின்றுவிட்டது. ஜூலு அண்ணன் பதறவில்லை. போனை எடுத்துக் கம்பெனி கேட்டுக்கு அடித்தார். அங்கே செக்யூரிட்டி சிவண்ணா. ஆனேக்கல்காரர், கன்னடம்தான் பேச்சு, தமிழ் சுமார்.

"மே டே! மே டே! மே டே!" என்று கத்தினார் ஜூலு அண்ணன். ஆபத்தில் மாட்டிய விமானம் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.

"ஹௌது அண்ணா," என்றார் சிவண்ணா பொறுமையாக. "மே டே எல்லாருக்கும் ரஜா. சம்பளம் உண்டு." வைத்துவிட்டார்.

திரும்ப அடித்தார். "மே டே! மே டே!"

"ஒந்து சல ஹேளிதினி அல்வா? ஒரு தடவை சொன்னேனே! லீவுதான் அண்ணா, கன்ஃபார்ம்."

ஐம்பது பேர் நெடுஞ்சாலை ஓரத்தில் கொய்யாப்பழம் தின்றுகொண்டு நின்றோம். கடைசியில் நான் போனைப் பிடுங்கி, "சிவண்ணா, பஸ் கெட்டுப்போச்சு" என்றேன். மாற்று வண்டி வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த வாட்ச் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் மாதேஷுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பார்த்தார்கள். வேனுக்கு ஜூலு அண்ணன்தான் டிரைவர். பெண் வீட்டார் போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்க, மாதேஷின் அப்பா போனை அவரிடம் நீட்டிவிட்டார். ஜூலு அண்ணன் கம்பீரமாக, "டாண்ணு பத்தரைக்கு அங்க இருப்போம்" என்றார்.

அவர் வாட்ச்சில் பத்தரை என்றால் நமக்குச் சாயங்காலம் நான்கு மணி.

பெண் வீட்டில் காலையிலேயே பட்டுப்புடவை, பூ, கேசரி, பஜ்ஜி எல்லாம் தயார். பத்தரை போய், பன்னிரண்டு போய், சாப்பாட்டு வேளையும் போனது. வந்திருந்த பங்காளிகள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கோபமாகக் கிளம்பிப் போனார்கள். எங்கள் ஆட்கள் நான்கு மணிக்குப் பழத்தட்டோடு போய் இறங்கியபோது, மணப்பெண் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலைநிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, மாப்ளை ஊட்டுக்காரங்களா? இன்னா இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க? நாளைக்கி வந்திருந்தா இன்னும் சவுரியமா இருந்திருக்குமே!"

மாதேஷ் மட்டும் முகம் மலர்ந்து நின்றானாம். பட்டுப்புடவையில் தலைகுனிந்து காபி கொடுக்கும் பெண்கள் நான்கு பேரை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். ஒருத்தியின் குரலும் நினைவில்லை. வேனில் ஏறியதும், "இந்தப் பொண்ணுதான்" என்றுவிட்டான். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே 'இந்திய நேரப்படி' என்று அச்சடித்திருந்தார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்குப் புதிய ஜெனரல் மேனேஜர் வந்தார். நிர்வாகம், பாதுகாப்பு, பஸ், கேன்டீன் எல்லாம் அவர் கையில். நோட்டீஸ் போர்டில் அவர் பெயருக்கு முன்னால் 'விங் கமாண்டர், ஓய்வு' என்று போட்டிருந்தது. விமானப்படையில் இருந்தவர். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையாம், ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாராம். நாங்கள் அவரை 'விங் சார்' என்று சுருக்கிவிட்டோம்.

அன்று சாயங்காலம் பஸ் எடுக்க வந்த ஜூலு அண்ணனிடம் சிவண்ணா இந்தச் செய்தியைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். வாட்ச்சைத் திருப்பிப் பின்மூடியைப் பார்த்து, "அண்ணா, இது கவர்ன்மென்ட் முத்திரை. மிலிட்டரி சாமான் வச்சிருந்தா ஜெயில்" என்றும் சொல்லி வைத்தார்.

மறுநாள் ஜூலு அண்ணன் வலது கையில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிரேப் பேண்டேஜ்.

"என்னாண்ணே ஆச்சு?"

"சுளுக்குங்க மேடம்."

"சுளுக்குன்னா இவ்வளவு வீங்குமா?"

குனிந்து என் காதருகே வந்து, "உள்ள வாட்ச்சு இருக்குதுங்க" என்றார். "கழட்டி வீட்ல வச்சுட்டு வரலாம்னுதான் பாத்தேன். அது இல்லாம கியரு விழ மாட்டேங்குது."

ஹேக் இல்லாமல் வண்டி கிளம்பியது. ஆனால் ஓசூரில் நாங்கள் இறங்கும்போது கேட்டருகே விங் சார் நின்றுகொண்டிருந்தார். நெட்டையான மனிதர், விறைப்பான மீசை. டிரைவர் சீட்டில் கட்டுப்போட்ட கையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன இது? ஒடிந்த கையோடு ஐம்பது பேரை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தீர்களா? உடனே ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வாங்க!"

ஜூலு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பலிக்குப் போகும் ஆடு அப்படித்தான் பார்க்கும். "மேடம், நீங்களும் கூட வாங்க மேடம்."

போனேன். ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் சிஸ்டர் கத்தரிக்கோலோடு தயாராக இருந்தார். விங் சார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சிஸ்டர் இரண்டு சுற்று வெட்டினார். நின்றார். காதைக் கையருகே கொண்டுபோனார்.

"சார், சுளுக்கு டிக் டிக்குனு சத்தம் போடுது."

கடைசிச் சுற்றும் விழுந்தது. வெள்ளைத் துணிக்கு நடுவே கறுப்பு முகமும் வெள்ளை எண்களுமாக வாட்ச் பளிச்சென்று எங்கள் எல்லாரையும் பார்த்தது. ஜூலு அண்ணன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இடது கையால்.

"சார், நான் திருடலைங்க சார்! மாமனார் போட்டது சார்! அவரும் திருடலை, ஏலத்துல எடுத்தாரு சார்! எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க சார்!"

விங் சார் அவர் கையைப் பிடித்தார். வாட்ச்சை அவிழ்த்துக் கையில் வாங்கினார். பின்மூடியைக் கட்டைவிரலால் தடவினார். காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் முகப்பைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். மீசைக்கு அடியில் என்னவோ அசைந்தது.

"ஜூலுவா வச்சிருக்கீங்க?"

"ஆமாங்க சார்."

"பஸ்ஸுக்கா?"

"ஆமாங்க சார்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏலத்தில் வாங்கியது தப்பில்லை, கழித்துப்போட்டதை யாரும் வாங்கலாம் என்றார். பிறகு எங்களைப் பார்க்காமல், "சர்வீஸ் பூரா என் கையில இதே மாதிரிதான் ஒண்ணு இருந்தது" என்றார். "கடைசி நாள் ஸ்டோர்ஸில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்ட பையன் என் முகத்தைக்கூடப் பார்க்கலை. பெட்டியில் போட்டு, 'நெக்ஸ்ட்'டுன்னான். அதுக்கப்புறம் நான் வாட்ச்சே கட்டலை."

அந்த நேரம் பார்த்து ஜூலு அண்ணனுக்கு அழுகை பொங்கியது. "நீங்களே வச்சுக்கங்க சார்" என்றார் தெளிவாக. "கேஸு மட்டும் போடாதீங்க" என்பதை மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொண்டைக்குள் சொன்னார்.

விங் சாருக்கு முதல் பாதி மட்டும் கேட்டது. திகைத்துப் போய் எழுந்தார். ஜூலு அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "இதை நான் மறக்க மாட்டேன்" என்றார். வாட்ச்சைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்துகொண்டு போயே போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றோம்.

"கேஸு இல்லைங்கல்ல?" என்றார் ஜூலு அண்ணன்.

"கேஸ் இல்லைண்ணே," என்றேன். "வாட்ச்சும் இல்லை."

மறுநாளே விங் சாரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே புத்தம்புதிய ஸ்மார்ட் வாட்ச். பதில் மரியாதையாம். ஜூலு அண்ணன் அதைக் கட்டிக்கொண்டார். பெரியவர் கொடுத்ததை எப்படி மறுப்பது? ஆனால் அது வாட்ச் இல்லை, மாமியார். அவருடைய நாடியைப் பார்த்தது. நடையை எண்ணியது. அதைவிடக் கொடுமை, ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள் என்று உதறியது. முதல்முறை அது உதறியபோது ஜூலு அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"நிக்கச் சொல்லுதுங்க."

"வண்டியையா, உங்களையா?"

"அது ஒண்ணியும் வெவரமா சொல்ல மாட்டேங்குதுங்க."

இந்திய நேரம் அதில் தானாகவே வந்தது. யாராவது மணி கேட்டால், "ஏழே கால்" என்று எல்லா மனிதர்களையும் போலச் சொன்னார். காந்தத்தைப் பற்றிய பயம் போய்விட்டது. என்னை முன்சீட்டுக்கு வரச் சொன்னார். உட்கார்ந்தேன். குலுக்கலே இல்லை. சொகுசாக இருந்தது. அழுகை வந்தது. காலையில் ஹேக் கிடையாது. சாவியைத் திருகினார், வண்டி கிளம்பியது, அவ்வளவுதான். ஐம்பது பேரும் ஐம்பது செல்போனைப் பார்த்துக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போவதுபோல ஓசூர் போனோம்.

மாதேஷ் ஒருநாள் டைம் ஆபீஸில் என் ஜன்னலுக்கு வந்தான். "மேடம், நீங்க விங் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

"என்னான்னு சொல்றது? குடுத்தவரே குடுத்தேன்னு சொல்றாரு. ஜி.எம். கையில இருந்து வாட்ச்சைக் கழட்டச் சொன்னா என் வேலையைக் கழட்டிடுவாங்க."

பஸ்ஸில் இருந்த யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. தைரியம் ஒருநாள் மத்தியானம் கம்பெனி கேட்டில் வந்து இறங்கியது. பெயர் கோவிந்தம்மா. ஜூலு அண்ணனின் மனைவி. குள்ளமாக, இடுப்பில் சொருகிய முந்தானையோடு, கையில் அந்த ஸ்மார்ட் வாட்ச் பெட்டி. சிவண்ணா, "பாஸ் இல்லாம ஒளகடெ விட மாட்டேன்மா" என்று சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா ஒரு பார்வை பார்த்தார். சிவண்ணாவே கேட்டைத் திறந்துவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையும் காட்டினார்.

சரியாக விங் சார் சாப்பிட்டுவிட்டு டைம் ஆபீஸ் வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார். அதனால் எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

"நீங்கதானுங்களா அந்தப் பெரிய ஆபீசரு?"

"ஆமாம்மா, நீங்க?"

"உங்க கையில இருக்குதே, அது எங்கப்பன் ஊட்டு வாட்ச்சுங்க. எங்க ஊட்டுக்காரருக்குக் கல்யாணத்துல போட்டது."

"அவர்தானேம்மா எனக்குக் கொடுத்தார்?"

"பயத்துல குடுத்தாருங்க! ஜெயிலுல போட்ருவீங்கன்னு யாரோ ஒரு மகராசன் சொல்லிவிட்டான்." கேட்டில் சிவண்ணா சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். "வாட்ச்சை வச்சுக்கங்க, கேஸு போடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. நீங்க வாட்ச்சோட போயிட்டீங்க."

விங் சாரின் முகம் சிவந்து, மீசை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதுவரை சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர், மாந்தோப்புத் தமிழுக்கு இறங்கிவிட்டார். "ஐயோ, எனக்கு இது தெரியாதுங்களேம்மா! அன்பா குடுக்குறாருன்னு நெனச்சுக்கிட்டேனுங்களே!"

"அது சரிங்க. இந்தாங்க உங்க வாட்ச்சு." பெட்டியை அவர் கையில் திணித்தார் கோவிந்தம்மா. "இது ராத்திரியில அவரு தூங்கறாரா இல்லையான்னு பாக்குதுங்க. அது என் வேலை. அதுகூடப் பரவால்லீங்க. சாப்பிட எட்டு மணிக்கு வாங்கன்னா மனுசன் எட்டு மணிக்கு வந்து உக்காந்துக்கறாரு! கல்யாணமாகி இத்தினி வருஷத்துல இப்படி ஒரு கொடுமையை நான் பாத்ததில்லைங்க. ரெண்டரைக்கு சோறு போடுன்னு ஒரு அதட்டல் இல்லை, பொண்ணுங்களைப் படுக்க வைக்கிறப்ப அந்த 'மூணு, ரெண்டு, ஒண்ணு, ஆக்கு' இல்லை. சின்னவ நேத்து கேக்கறா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையான்னு."

அந்தம்மா முந்தானையை இன்னும் இறுக்கிச் சொருகிக்கொண்டார். கையை நீட்டி, "கழட்டுங்க" என்றார்.

விங் கமாண்டர் கழற்றினார். பட்டையை வளையத்திலிருந்து மெதுவாக உருவினார். எவ்வளவு மெதுவாக என்றால், பார்த்துக்கொண்டிருந்த எனக்கே என்னவோ போலிருந்தது. வாட்ச்சைக் கொடுப்பதற்கு முன்னால் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். கோவிந்தம்மா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நான்கடி போனவர், திரும்பி வந்தார்.

"ஏங்க, உங்க ஊடும் கிருஷ்ணகிரிதானாமே? காரை ஊட்ல போட்டுட்டு ஒருநா பஸ்ஸுல வாங்களேன். அவரு பக்கத்துல உக்காந்துக்கினு வேணும்ங்கற மட்டும் பாத்துக்கங்க. பாக்கறதுக்கு யாரு வேணாங்கறாங்க?"

அந்தச் சனிக்கிழமை விங் சார் வந்தார். பஸ் ஸ்டாப்பில் எங்களோடு வரிசையில் நின்று ஏறினார். ஜூலு அண்ணன் சட்டைக்கு மேலே வாட்ச்சைக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், பை" என்று பின்னால் கை காட்டினார். நான் பிள்ளையாருக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் கடைசி சீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

விங் சார் எஞ்சினுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். ஜூலு அண்ணன் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாட்ச்சை அவிழ்த்து விங் சாரிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க சார். நான் யூடியூப்ல பாத்துச் சொல்றதுதான். நீங்க நெஜமாவே சொன்னவரு."

விங் சார் வாங்கிக்கொண்டு எழுந்தார். திருகை இழுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மூன்று சொன்னார். இரண்டு சொன்னார். ஒன்று என்பது பாதிதான் வெளியே வந்தது.

பின்னாலிருந்து ஐம்பது பேரும் கத்தினோம். "ஹேக்!"

விரல் திருகை அழுத்தியது. வண்டி கிளம்பியது. சூளகிரி வரைக்கும் விங் சார் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. அதன் பிறகு அவர் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை. இரண்டு பேரும் வழி முழுக்கச் சண்டை. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று ஒருவர் கேட்க, அது லாரி போன காற்று என்று இன்னொருவர் சொல்ல, ஓசூர் வந்துவிடும்.

போன வருஷம் நாங்கள் ஓசூருக்கே குடிவந்துவிட்டோம். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். கேட் எங்கள் மாடியிலிருந்து தெரியும். நான் தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து, எதிர்த்திசையில் பேரண்டப்பள்ளி வரைக்கும் போய் இறங்கி, அங்கே நின்று ஜூலு அண்ணன் பஸ்ஸில் ஏறித் திரும்பி வருகிறேன். வீட்டில் கேட்டால், நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.